செஞ்சிச் சீமையும் எண்ணெய் யந்திரமும்

செஞ்சி என்ற மாத்திரத்தில் கோட்டையை நினைப்பது நம்மவர் வழக்கம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து நிற்கும் அம்மதிலின் பெருமையைப் பேசாத நாவில்லை. 1677ஆம் ஆண்டில் சிவாஜி அதனைக் கைக்கொண்டதும், அவர் மகன் இராஜாராமை 1690 முதல் 1698 வரையில் மொகலாயப் படை முற்றுகையிட்டதும், 1714இல் தேசிங்குராஜன் களத்தில் வீழ்ந்ததும், 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் உட்புகுந்ததும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினை உலக மரபுச் சின்னங்களாக ஐக்கிய நாடுகளின் சபையைச் சார்ந்த யுனெஸ்கோ 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஏற்றுக்கொண்டபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. இதனால் நாம் மகிழ்ந்தோம், மகிழ்வதும் தகும்.

ஆயினும், அன்பர்களே, கோட்டைக்குள் ஆண்டவர்களின் சரித்திரம் ஒன்று. கோட்டைக்கு வெளியே உழுதவர்களின் சரித்திரம் மற்றொன்று. முன்னதற்குக் கல்வெட்டும் கும்மியும் கதைப்பாட்டும் உண்டு. பின்னதற்குச் சாட்சியாக எஞ்சியிருப்பவை ஏரிக்கரைகளும், கல்கட்டுக் கிணறுகளும், அக்கிணற்றடியில் ஓடு சரிந்து நிற்கும் சிறு கொட்டகைகளுமே. அக்கொட்டகைகளுட் சிலவற்றில் இன்றும் துருவேறிய இரும்பு ஒன்று, இருபுறமும் கனத்த சக்கரங்களுடன், சிமெண்டு மேடையில் ஆணியறைந்தபடி நிற்கக் காணலாம். அதுவே ஒற்றைச் சிலிண்டர் டீசல் யந்திரம். அதன் சரித்திரத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு இவ்யந்திரங்களின்மீது நெடுநாளாகப் பற்று உண்டு. விடுமுறை நாட்களில் ஒருவர் கோயிலுக்குச் செல்வார். மற்றொருவர் கோட்டைக்குச் செல்வார். நாம் இஞ்சின் கொட்டகைகளைத் தேடிச் செல்வோம். தமிழ் வாத்தியாருக்கு இரும்பில் என்ன வேலை என்று நகைப்பவர் உளர். சொல்லின் வரலாற்றை ஆராய்வதும் பொருளின் வரலாற்றை ஆராய்வதும் ஒரு தொழிலின் இரு பகுதிகள் என்பதே அவர்கட்கு நம் விடை.

கவலை ஓட்டிய காலம்

செஞ்சிச் சீமை கற்பாங்கான நிலம். குன்றுகளினின்று வழியும் மழைநீரை ஏரிகளில் தேக்கிப் பயிர் செய்வதே இங்குப் பண்டைய முறை. கோட்டையுள்ளும் நீர்நிலைகளையே உயிராகக் கொண்டு வாழ்ந்தனர். சக்கரகுளம், செட்டிகுளம் ஆகியவற்றை வெட்டியதும், வெளியிலுள்ள நீர்நிலையிலிருந்து மண்குழாய்களின் வழியே கல்யாண மஹாலுக்கு நீர் கொண்டுவந்ததும் அக்கால அறிவுக்குச் சான்று. மேலிருக்கும் நீரைக் கீழே கொண்டுவருதல் எளிது; தாழ இருக்கும் நீரை மேலே ஏற்றுதலே அரிது. அவ்வருமையைத் தாங்கியவர் அரசரல்லர், குடிகள்.

ஏரி வற்றிய மாதங்களில் கிணறே கதி. கிணற்று நீரை ஏற்றத்தாலும் கவலையாலும் இறைத்தனர். ஏற்றமரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்க்க, பொழுது விடியுமுன்னே வேலை தொடங்கும். கவலையிலோ இரண்டு எருதுகள் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும்; தோல் வாலையுடைய சால் மேலேறி நீரைத் தொட்டியிற் கொட்டும்; எருதுகள் பின்னடைந்து மேடேறும்; மீண்டும் இறங்கும். ஏற்றம் இறைப்போரின் பாட்டைக் கேட்டு, விட்ட அடியின் தொடர்ச்சியை அறியக் கம்பர் மறுநாள்வரை காத்திருந்தார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. பாட்டின் இனிமையைப் புகழ்ந்த புலவர் பலர். பாடியவன் முழங்காலின் நோவைப் பாடியவர் சிலரே. ஏற்றம் மிதித்தோரிற் பலர் தமக்கென்று ஒரு குழி நிலமும் இல்லாத கூலிகள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வுழைப்பின் பயன் எவ்வளவு? ஒரு சாலில் 30 காலன் நீர் கொள்ளும் என்றும், நிமிஷத்துக்கு ஒரு முறை சால் ஏறும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணியில் 1,800 காலன் ஆகும். எருதுகளும் மனிதனும் களைப்பாறும் நேரத்தைக் கழித்தால் அதுவும் குறையும். ஒரு ஜோடி எருதால் கோடையில் காக்கத்தக்க பயிர் ஓரிரண்டு ஏக்கருக்கு மேற்படாது. கவலை ஓட்டியவனுக்குக் கவலையே மிஞ்சிற்று என்று கூறினால் அது சொல்விளையாட்டு மாத்திரமன்று.

யந்திரத்தின் பிறப்பு

இனி, கடலுக்கப்பால் நிகழ்ந்ததைக் காண்போம். 1876ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து நிக்கோலஸ் ஓட்டோ என்பார் நான்கு அடிகளில் இயங்கும் யந்திரத்தை அமைத்தார். பிஸ்டன் கீழிறங்குங்கால் காற்றையும் எரிபொருளையும் உறிஞ்சுதல், மேலேறுங்கால் அழுத்துதல், எரிந்த வாயுவினால் மீண்டும் தள்ளப்படுதல், புகையை வெளியேற்றுதல் என்பன அந்நான்கு அடிகள். இவற்றுள் மூன்றாவது அடி ஒன்றே வேலை தருவது. ஏனைய மூன்றும் வேலை கொள்வன. ஆதலின் மூன்றாம் அடியிற் பெற்ற வேகத்தைச் சேமித்து வைத்து மற்றை மூன்றுக்கும் வழங்க ஒரு களஞ்சியம் வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் யந்திரத்தின் கனத்த சக்கரமே அக்களஞ்சியம். விளைந்த மாதத்தில் குதிரில் நெல்லைக் கொட்டி விளையாத மாதங்களில் எடுத்துண்ணும் குடும்பத்தை இதற்கு உவமை கூறலாம்.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்பார் 1890ஆம் ஆண்டில் கனமான எண்ணெயைக் கொண்டு இயங்கும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கிராந்தம் நகரிலிருந்த ஹார்ன்ஸ்பி கம்பெனியார் அதனைச் செய்து விற்றனர். அதன் தலையில் ஒரு குமிழ் உண்டு. ஓட்டத் தொடங்குமுன் அக்குமிழை விளக்குத் தீயால் சிறிது நேரம் காய்ச்சுதல் வேண்டும். காய்ந்த குமிழிற் பட்ட எண்ணெய் ஆவியாகி எரியும். ஓடத் தொடங்கியபின் தன் சூட்டிலேயே ஓடும்.

ருடால்ப் டீசல் என்பார் இதனினும் ஒருபடி மேற்சென்றார். 1858இல் பாரிஸ் நகரிற் பிறந்த ஜெர்மானியர் இவர். காற்றை மாத்திரம் சிலிண்டருள் அடைத்து அதன் அளவிற் பதினாறிலொரு பங்குக்கு நெருக்கினால் அக்காற்று 500 பாகை சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறும். அப்போது எண்ணெயைத் தெளித்தால் தீப்பொறியுமின்றிக் குமிழுமின்றித் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாயின் அடி சுடுவதைத் தொட்டறிந்த எவரும் இத்தத்துவத்தை அறிவர். 1897ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் யந்திரம் சோதிக்கப்பட்டது. எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறிற்று. அக்காலத்து நீராவி யந்திரங்களிற் பெரும்பாலானவை இதிற் பாதியையும் எட்டவில்லை. டீசல் 1913ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லுங்கால் கடலில் மறைந்தார். அவர் பெயரோ நம் ஊர்ப் பெட்டிக்கடைப் பலகைவரையில் வந்து நிலைத்துவிட்டது.

ஆனால் டீசலின் முதல் யந்திரம் ஓர் ஆளைவிட உயர்ந்தது. எண்ணெயைத் தெளிக்க அழுத்தக் காற்றுப் பொறி ஒன்றும் உடன்வேண்டியது. அஃது ஆலைக்கு ஏற்றதேயன்றிக் கிணற்றுக்கு ஏற்றதன்று. ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் கம்பெனியார் 1927 முதல் எண்ணெயை நேரே பிஸ்டனறைக்குள் பாய்ச்சும் சிறு பம்பைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கினர். அதன் பின்னரே சிறிய டீசல் யந்திரம் கைகூடிற்று.

அவ்வாறு பிறந்தவற்றுள் நம் நாட்டிற் புகழ்பெற்றது லிஸ்டர். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு முதல் விவசாயக் கருவிகள் செய்துவந்த கம்பெனி அது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட வகைக்கு, குளிர்ந்த நிலையிலேயே கிளம்புவது என்னும் பொருளில் இரண்டு எழுத்தாலாகிய பெயரிட்டனர். அவ்வகையில் 5 குதிரைச் சக்தியுள்ள ஒற்றைச் சிலிண்டர் யந்திரம் நிமிஷத்துக்கு 600 சுற்றுச் சுற்றும். சிலிண்டரின் குறுக்களவு நாலரை அங்குலம். பிஸ்டன் ஓடும் நீளம் ஐந்தரை அங்குலம். பின்னர் 650 சுற்றில் 6 குதிரைச் சக்தியாக அதனை உயர்த்தினர். இங்கிலாந்தில் அவ்வகை 1987 வரையில் செய்யப்பட்டது. ஒரு பொறி ஏறக்குறைய அறுபதாண்டு தன் வடிவு மாறாது விற்பனையானதென்றால் அதன் அமைப்பின் செம்மையை வேறு எவ்வாறு கூறுவது?

நிமிஷத்துக்கு 600 சுற்றெனின், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும் முறைப்படி 300 வெடிப்பு. அஃதாவது நொடிக்கு ஐந்து. தொலைவிலிருந்து கேட்கும் அந்த ஐந்தொலியே நம் கிராமங்களின் விடியற்கால ஒலியாக நெடுங்காலம் இருந்தது. சக்கரத்தின் பாரம் மிகுதியாதலாலும் வேகம் குறைவாதலாலும் ஒவ்வோர் ஒலியும் தனித்தனியே கேட்கும். பழகிய செவியினர் அவ்வொலியைக் கொண்டே இது இன்னார் கிணற்று யந்திரம் என்று கூறிவிடுவர்.

சென்னை இராஜதானியில் வந்த வகை

நம் இராஜதானியில் எண்ணெய் யந்திரத்தைக் கிணற்றுக்குக் கொணர முயன்றவர்களுள் முதன்மையானவர் ஆல்பிரட் சாட்டர்டன். இவர் சென்னைப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். அலுமினியப் பாத்திரத் தொழிலைச் சென்னையில் ஊன்றியவரும், குரோம் முறையில் தோல் பதனிடுதலைப் பரப்பியவரும் இவரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர் எண்ணெய் யந்திரத்தையும் சுழல் பம்பையும் இணைத்துக் கிணற்றில் வைத்து, எருதின் செலவோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்தார். இறைவைப் பாசனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் 1912ஆம் ஆண்டு சென்னையில் ஒரு நூலும் வெளியிட்டார்.

சாட்டர்டன் கண்ட உண்மை ஒன்று நம்மவர் இன்றும் கருதத்தக்கது. யந்திரம் வாங்குவதற்குமுன் கிணற்றை அளக்க வேண்டும் என்பதே அது. நாளொன்றுக்குக் கிணறு ஊறும் நீர் இவ்வளவு என்று அறியாமல் யந்திரம் வைத்தால், இரண்டு மணியில் கிணறு வற்றும். மற்றை நேரமெல்லாம் யந்திரம் சும்மா நிற்கும். வட்டி மாத்திரம் சும்மா நில்லாது. அரசாங்கமே கைத்தொழில்களை முன்னின்று நடத்துவது முறையன்று என்று இந்திய மந்திரி மார்லி பிரபு 1910இல் உத்தரவிட்டதால் இவர் முயற்சிகள் தடைப்பட்டன; 1912இல் மைசூருக்குச் சென்றார். ஆயினும் கிணற்றடியில் யந்திரம் வைக்கலாம் என்னும் எண்ணம் குடிகளிடையே வேரூன்றிவிட்டது.

செஞ்சியைச் சூழ்ந்த தென்னார்க்காட்டுப் பகுதியில் அவ்வெண்ணத்துக்கு உரமிட்டது மணிலாக்கொட்டை. மணிலா என்ற ஊர்ப்பெயரே இங்கு மல்லாட்டையாய் மருவிற்று. புதுச்சேரித் துறையினின்று பிரான்ஸ் தேசத்து மார்சேல் நகருக்கு அது கப்பலேறிய காலத்தில், மானாவாரிப் புன்செய்க்காரன் கையிலும் ரொக்கம் புரளலாயிற்று. கொட்டையுடைக்கும் பொறிக்கும் நெல் அரைக்கும் பொறிக்கும் எண்ணெய் யந்திரம் பயன்பட்டது. ஆலையிற் கண்டதைக் கிணற்றில் வைக்க நம்மவர் துணிந்தனர். நிலச்சீர்திருத்தக் கடனுக்கென 1883ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில், உணவுப் பெருக்கு இயக்கம் தொடங்கியபின் கிணறுகளுக்கும் பம்புகளுக்கும் ஊக்கம் மிகுந்தது.

சீமையிலிருந்து வந்ததையே நம்பியிருந்த நிலையும் மாறிற்று. பம்பாய் இராஜதானியில் சத்தாராவிலிருந்த கூப்பர் தொழிற்சாலையில் 1930களிலேயே டீசல் யந்திரம் செய்யலாயினர். இரும்புக் கலப்பையில் தொடங்கிய கிர்லோஸ்கர் குடும்பத்தார் 1946ஆம் ஆண்டில் புனாவை அடுத்த கட்கியில் எண்ணெய் யந்திரங்களுக்கெனத் தனிக் கம்பெனி கண்டனர். அவர்கள் செய்த 5 குதிரைச் சக்தி யந்திரம் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றுவது. லிஸ்டரைவிட வடிவிற் சிறியது. குஜராத்திலுள்ள ராஜ்கோட் பட்டறைகளோ லிஸ்டரின் வடிவையே ஒட்டிப் பல்லாயிரம் யந்திரங்களை வார்த்தன. கோயம்புத்தூர்ப் பட்டறைகள் பம்பும் மோட்டாரும் செய்து புகழ்பெற்றன.

குருடாயிலும் கொட்டகையும்

நம் ஊரார் இவ்யந்திரத்துக்கு இட்ட பெயர்களைக் கருதுவோம். ஆயில் இஞ்சின் என்றனர். டீசல் இஞ்சின் என்றனர். அதற்கு ஊற்றும் எண்ணெயைக் குருடாயில் என்றனர். கண்ணற்ற எண்ணெய் என்று எவரும் பொருள் கொள்ளற்க. க்ரூட் ஆயில் என்னும் ஆங்கிலத் தொடர் நம் நாவிற் புகுந்து கொண்ட உருவம் அது. வந்த சொல்லைத் தன் வாய்க்கேற்பத் திருத்திக்கொள்ளும் உரிமையை உழவன் எந்தப் பண்டிதனிடமும் கேட்டதில்லை.

யந்திரத்தைக் கிளப்புதல் ஒரு வித்தை. முதலில் வால்வைத் தூக்கி நிறுத்தும் சிறு பிடியை உயர்த்த வேண்டும். அப்போது காற்று அழுந்தாது. சக்கரம் எளிதிற் சுழலும். கைப்பிடியைச் செருகி இரு கையாலும் சுழற்றிச் சக்கரம் வேகங்கொண்டதும் பிடியை இறக்க வேண்டும். சக்கரத்திற் சேர்ந்த வேகம் காற்றை நெருக்கும், எண்ணெய் பற்றும், கரும்புகை ஒரு கொத்துக் கிளம்பும், பின்னர் ஒலி சீர்ப்படும். வேகம் வருமுன் பிடியை இறக்கினால் சக்கரம் எதிரடி அடித்து மணிக்கட்டை முறிக்கும். எனவே இவ்வேலையை வீட்டில் ஒருவரே செய்வர்; ஏனையோர் விலகி நிற்பர்.

யந்திரத்தைக் குளிர்விக்கத் தனித்தொட்டி வைப்பதுண்டு. நம் பக்கத்திற் பெரும்பாலும் பம்பு இறைக்கும் நீரிற் சிறிதை ஒரு குழாயால் யந்திரத்தின் உடம்பினூடே செலுத்தி வாய்க்காலில் விட்டனர். அச்சிறு குழாயில் வரும் நீர் வெதுவெதுப்பாயிருக்கும். மார்கழிக் குளிரிற் பிள்ளைகள் குளிப்பதற்கும், தாய்மார் துணி துவைப்பதற்கும் அதுவே வெந்நீர். யந்திரம் ஓட்டியவர் ஆடவர். மடை திருப்பி நீர் பாய்ச்சியவரிற் பாதிக்குமேல் பெண்டிர். யந்திரத்தின் ஒலி தாழும்போதே எண்ணெய் தீர்வதை அறிந்து கடைசிப் பாத்தியை விரைந்து நனைத்த அவர்கள் செவித்திறனையும் இச்சரித்திரத்திற் சேர்த்தல் வேண்டும்.

இதன் பயனைக் கணக்கிடுவோம். ஒரு குதிரைச் சக்தி என்பது நிமிஷத்துக்கு 33,000 ராத்தலை ஓர் அடி உயர்த்தும் ஆற்றல். ஐந்து குதிரைக்கு 1,65,000. பம்பிலும் குழாயிலும் பாதி வீணாகிறதென்று கொண்டாலும், 30 அடி ஆழத்திலிருந்து நிமிஷத்துக்கு 2,750 ராத்தல் நீர், அஃதாவது 275 காலன், மேலே வரும். மணிக்கு 16,500 காலன். முன்னர்க் கூறிய கவலையைப்போல் ஒன்பது மடங்கு. முழுச்சுமையில் இதற்குச் செலவாகும் எண்ணெய் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரே. ஒன்பது ஜோடி எருதுகளுக்குத் தீனி போடுவதையும் இதனையும் ஒப்பிட்டுப் பார்த்த உழவன் கடன் வாங்கியேனும் யந்திரம் வைத்ததில் வியப்பில்லை.

யந்திரம் கொடுத்ததும் கொண்டதும்

இதுவரை கூறியன நலங்கள். சரித்திரம் கூறப்புகுந்தவர் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று.

ஏரி ஊருக்குப் பொது. அதன் மதகை அடைக்கவும் வாய்க்காலைத் தூர்வாரவும் ஊரார் கூடினர். நீர் குறைந்தால் யாவர்க்கும் குறைந்தது. முறை வைத்துப் பாய்ச்சினர். கிணறு ஒருவர்க்கு உரியது. ஆயினும் எருதின் ஆற்றலுக்கு ஓர் எல்லை இருந்தபடியால் ஒருவர் கிணறு அடுத்தவர் கிணற்றை வற்றச் செய்ததில்லை. யந்திரம் அவ்வெல்லையை நீக்கிற்று. பொருளுடையவர் இருபது அடி ஆழப்படுத்தி யந்திரம் வைத்த ஆண்டிலேயே பக்கத்துச் சிறு கிணற்றுக்காரர் சாலை முடிந்துவைக்க நேர்ந்ததுண்டு. நிலத்தின்மேல் வரப்பு உண்டு; நிலத்தின்கீழ் வரப்பில்லை. கிணற்றுக்காரர் தொகை பெருகப் பெருக ஏரிவேலைக்கு வருவோர் தொகை அருகிற்று. ஏற்றம் இறைத்துக் கூலி பெற்றவர்க்கு அக்கூலியும் போயிற்று. அவர் முழங்கால் நோவு தீர்ந்தது; அடுப்புக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

நீர் தாழத் தாழ மற்றுமொரு தொல்லை எழுந்தது. மேலே நிற்கும் பம்பு எவ்வளவு ஆழத்திலிருந்தும் நீரை உறிஞ்சும் என்று நினைப்பது பிழை. பம்பு நீரை இழுப்பதில்லை. குழாயிற் காற்றை நீக்கியதும் வெளியிலுள்ள காற்றின் பாரமே நீரை மேலே தள்ளுகின்றது. அப்பாரம் தாங்கும் நீரின் உயரம் 34 அடி. நடைமுறையில் 25 அடிக்கு மேல் எதிர்பார்த்தல் வீண். குதிரைச் சக்தியை எத்துணை கூட்டினும் இவ்விதி மாறாது. ஆதலின் நீர் முப்பதடி, நாற்பதடி என்று தாழ்ந்தபோது, நம்மவர் கிணற்றின் உட்சுவரில் மேடை கட்டி யந்திரத்தையே உள்ளே இறக்கினர். இது பெருந்தீங்காய் முடிந்த இடங்கள் பல. யந்திரப் புகையிலுள்ள கரிவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றோட்டமற்ற கிணற்றில் அது தங்கும். யந்திரம் நின்றுவிட்டதே என்று இறங்கியவர் மீளாததும், அவரைத் தூக்க இறங்கியவரும் மீளாததும் நம் நாட்டிற் பல ஊர்களில் நிகழ்ந்த துயரம். கிணற்றுக்குள் எண்ணெய் யந்திரம் ஓட்டலாகாது. ஓட்டிய கிணற்றில் உடனே இறங்கலாகாது. இதனை நம் சங்கத்துக் குடும்பத்தினர் பிள்ளைகளுக்கும் கூறிவைப்பாராக.

யந்திரத்தின் ஆட்சி ஒடுங்கிய வகை

மின்சாரம் வந்தது, எண்ணெய் யந்திரம் போயிற்று என்று ஒரு வரியிற் கூறிவிடுவர். நிகழ்ந்தது அவ்வளவு எளிதன்று. பைகாரா நீர்மின் நிலையம் 1932இலும் மேட்டூர் நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கின. அவற்றின் பயனைக் கொங்குநாடும் சேலமும் முன்னரே துய்த்தன. நம் தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்குக் கம்பி வந்து சேர்ந்தது பின்னரே. இடைப்பட்ட காலமெல்லாம் எண்ணெய் யந்திரமே துணை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 1930களில் இதே தென்னார்க்காட்டில் நெய்வேலியருகே ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருளொன்று நீருடன் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956இல் அதனை எடுக்க அரசாங்கக் கம்பெனி அமைந்தது. 1962இல் அங்கு அனல்மின்சாரம் பிறந்தது. கிணற்று நீரைத் தேடியபோது நிலக்கரி கிடைத்தது. அந்நிலக்கரி மின்சாரமாகிக் கிணற்றடி யந்திரங்களின் வாயடைத்தது. 1957இல் அமைந்த மின்சார வாரியம் கிராமங்கள்தோறும் கம்பி இழுத்தது. 1990களில் விவசாயிகள் யாவர்க்கும் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. விலையில்லாப் பொருளோடு விலையுள்ள எண்ணெய் போட்டியிட முடியுமோ? மேலும், ஆழ்துளைக் கிணற்றின் அடியில் நீருள் மூழ்கியிருந்தே நீரைத் தள்ளும் மோட்டாருக்கு 25 அடி விதி தடையன்று. எண்ணெய் யந்திரத்தை வென்றது மின்சாரம் பாதி; நாமே தாழ்த்திய நீர்மட்டம் பாதி.

இன்று மின்மோட்டாரின் பித்தானை அழுத்துவோர், எண்ணெய் அளந்து ஊற்றிய காலத்தில் இருந்த ஒரு நன்மையை இழந்தனர். டப்பாவில் எண்ணெய் குறைவதைக் கண்ணாற் கண்டவன் ஒவ்வொரு மணிக்கும் விலையறிந்து நீர் இறைத்தான். எண்ணெய் தீர்ந்தவுடன் யந்திரம் நின்றது, கிணறு ஊறிற்று. செலவு தெரிந்தவன் கை தானே அளவறிந்து நின்றது.

செய்யத்தக்கது

ஜெர்மனியில் மூனிக் நகரத்துப் பொருட்காட்சிச்சாலையில் டீசலின் முதல் யந்திரத்தை இன்றும் போற்றி வைத்துள்ளனர். இங்கிலாந்தில் பழைய நிலையந்திரங்களைத் துருநீக்கி, எண்ணெயிட்டு, வெளிகளில் வரிசையாக நிறுத்தி ஓட்டிக்காட்டும் கூட்டங்கள் நடைபெறுகின்றன. செஷையரிலும் வேல்ஸிலும் இவற்றுக்கெனவே காட்சிச்சாலைகள் உள்ளன. ராஜ்கோட்டில் வார்த்த லிஸ்டர் உருவங்களை, மின்கம்பி எட்டாத பண்ணைகளில் வாழும் அமெரிக்கர் விரும்பி வாங்கியதுமுண்டு. நம் ஊரிலோ அவை பழைய இரும்புக்காரரின் தராசிலேறுகின்றன. முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட வார்ப்பிரும்பாதலின் நல்ல விலை கிடைக்கும். சம்மட்டியாற் சக்கரத்தை உடைத்து வண்டியிலேற்றுவர். அரை மணியில் ஒரு குடும்பத்தின் நாற்பதாண்டு உழைப்பின் சாட்சி மறையும்.

எல்லா யந்திரங்களையும் காப்பது இயலாது, வேண்டுவதுமன்று. வறுமையுற்ற ஒருவர் தம் இரும்பை விற்பதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஊருக்கு ஒன்றேனும் எஞ்சுதல் நன்று. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஒரு யந்திரத்தை நிறுத்தி வைத்தால், வெப்பம் வேலையாக மாறும் விதியைப் பிள்ளைகள் புத்தகத்தில் மனனஞ் செய்யாமல் கையாற் சுழற்றி அறிவர். ஒற்றைச் சிலிண்டர் யந்திரத்தில் மறைந்திருப்பது ஒன்றுமில்லை. வால்வு திறப்பதும் தண்டு அசைவதும் கண்ணெதிரே நிகழ்வன.

இரும்பினும் விரைவில் அழிவது நினைவு. முதன்முதலில் யந்திரம் வைத்த தலைமுறையினர் இப்போது மிகச் சிலரே. ஆதலின் நம் சங்கத்தினருக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு குடும்பத்திலும் மூத்தோரை அணுகி, நம் ஊரில் முதல் யந்திரம் எந்தக் கிணற்றில் வைத்தது, எந்த ஆண்டு, என்ன விலை, கடன் எங்கே வாங்கியது, அப்போது நீர் எத்தனை அடியில் இருந்தது, பக்கத்துக் கிணறுகள் என்னாயின, கவலை ஓட்டியவரும் ஏற்றம் இறைத்தவரும் பின்னர் என்ன தொழில் செய்தனர் என்று கேட்டு எழுதுங்கள். பாட்டிமாரையும் கேளுங்கள், நீர் பாய்ந்த வயல்களின் கணக்கு அவர்களிடமே இருக்கும். எழுதியதன்கீழே இன்றைய நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து குறியுங்கள். அவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட தூரமே நம் சீமையின் அண்மைக்காலச் சரித்திரம். அதனை எழுதி வைப்பது கோட்டையைக் காப்பதற்குக் குறைந்த தொண்டன்று.